பல்லு டொக்டரின்ர மாடி

பிறவுண் வீதி, இரண்டாம் மாடி, பின்னேரம் மூன்றரை.
திரையில் ஒரே ஒரு வரி:
புள்ளி புள்ளி சாய்கோடு
புள்ளி புள்ளி சாய்கோடு
புள்ளி புள்ளி சாய்கோடு
புள்ளி புள்ளி சாய்கோடு
அதற்குப் பிறகுதான் பொத்தான்.
ஒரு பொத்தானுக்காக
நாலு படி ஏறி இறங்கவேண்டியிருக்கிறது.

நேற்று டிலோசினி
கட்டணப் பக்கத்தை இன்னொரு கோப்புறைக்குள் தள்ளிவிட்டாள்.
நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் சிவப்பு.
ஒன்றும் தொலையவில்லை.
பொத்தான் பொத்தானின் இடத்தில்தான் இருக்கிறது.
கேட்பவர் நிற்கும் இடம் மாறிவிட்டது,
அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து போன்.
சாப்பாடு கொண்டுவரும் பெடியன்.
"அண்ணை, தட்டாதெருச் சந்தியிலை நிக்கிறன்."
நான் பாடமாக்கி வைத்திருக்கும் வழியோ
ஸ்ரேசனில் இருந்து தொடங்குவது:
முதலாவது இடக்கை, பிறகு வலக்கை, மஞ்சள் மதில்.
அவன் மற்றப் பக்கத்தால் வருகிறான்.
மஞ்சள் மதிலுக்கும் போன கிழமை நீலம் அடித்துவிட்டார்கள்.
டிலோசினி போனைப் பறித்தாள்.
"பல்லு டொக்டரின்ர மாடி."
"ஓ, அதோ!" வைத்துவிட்டான்.

சோறு ஆற ஆற அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
@ என்றால் மூலக் கோப்புறை.
எந்த ஆழத்தில் நின்று கூப்பிட்டாலும் அதுதான்.
புள்ளிகளை அழித்தேன்,
சீனிப் போத்திலில் ஏறிய எறும்பைத் துடைப்பதுபோல.
எடிற்றர் தலையாட்டியது.
ஒரு சிவப்பும் இல்லை.

பில்ட் போட்டேன்.
அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றது.

எடிற்றருக்குச் சொன்னேன்,
கட்டுகிற கருவியின் காதில் போடவில்லை.
அதற்கும் சொன்னேன்.
பிறகு ரெஸ்ற் முகத்தைத் திருப்பிக்கொண்டது;
அதற்குத் தனியாக இன்னொரு வரி.
பெயர் வைப்பது ஒரு நிமிஷம்.
கலியாண வீட்டுக்குச் சொல்வதுபோல
வாசல் வாசலாய் ஏறிச் சொல்லிமுடிக்க
ஐந்தே முக்கால்.

பச்சை.
டிலோசினி கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

படியில் காலடி கேட்டது.
கன்னத்தைப் பொத்தியபடி ஒருவர்.
"தம்பி, டொக்டர் இருக்கிறாரோ?
கீழ கடையிலை இதுதான் எண்டு காட்டினவை."

டொக்டர் வவுனியாவுக்குப் போய் ஆறு வருஷம்.
பலகையைக் கழற்றியதும் நாங்கள்தான்.
பெயரை மட்டும்
ஒருவரும் வந்து கழற்றவில்லை.

கதிரையை இழுத்துப் போட்டேன்.
டிலோசினி
வேறொரு பல்லு டொக்டருக்கு வழி சொல்லத் தொடங்கினாள்:
"ஐயா, இஞ்ச இருந்து இறங்கி இடக்கைப் பக்கம்..."