தொண்ணூறு டாலர்

தண்டர் பேயில், பனி வாரும் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால்
நூற்றிப்பத்து கேட்டார் டேரல்.
கழுத்து லேசாய் வளைந்திருக்கிறது என்றேன்.
பேரம் பேசவில்லை. தொண்ணூறுக்குத் தந்துவிட்டு
காருக்குள் போய் ஹீட்டரை முழுதாய்த் திருப்பினார்.

வீட்டில் செருகினால்
ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஃபிரிட்ஜ் ஓடுகிறது.
ஆறாவது தந்தி
இரண்டு பாட்டுக்குமேல் சொன்ன இடத்தில் நிற்பதில்லை.

சம்பளம் வந்ததும்
யாரோ கழற்றிய பிக்கப், இருபத்தெட்டு டாலர்;
செம்புத்தாள் ஒரு சுருள்.
ஞாயிறு. சாப்பாட்டு மேசை.
ஈயப்புகை போக ஜன்னலைத் திறந்தால்
மைனஸ் இருபத்தொன்று உள்ளே வந்து உட்காருகிறது.

பதினொரு திருகுகள்.
பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினேன்.
குடைந்த மரத்தில், பென்சிலில்,
ஒரு பையனின் கோணல் எழுத்து:
“டேரல், சோற்றுக்கு இல்லாவிட்டாலும் இதை விற்காதே.”

அவருக்கு இப்போது அறுபது இருக்கும்.

குழியெங்கும் செம்பு ஒட்டினேன்,
மூலைகளை மடித்து, நகத்தால் தேய்த்து.
அந்த ஒரு வரியின்மேல் மட்டும்
கத்தரித்து விட்டுவிட்டேன்.

கவசம் என்றால் முழுதாய் மூட வேண்டும்,
தெரியும்.
வாசிப்பை நிறுத்தினால்
இன்னும் கொஞ்சம் இரைகிறது.
எர்த் சரியில்லை என்கிறாள்
பேஸ் வாசிக்கும் ஐலா.

ஆமாம் என்கிறேன்.