பத்தொன்பது கிழங்கு

எட்டாம் தெருக் கடையில்
விதைக்கிழங்குத் தொட்டியில் மிச்சம் ஒரே வலைப்பை.
அதன் வலது காதில் என் கை.
இடது காதில் வேறொரு கை,
கையுறை போட்டது, கட்டைவிரலில் கிழிந்தது.

சாஸ்கடூனில் மே பத்தொன்பது.
வெளியே பனி பொழியவில்லை,
பொழியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

போன வருடம் ஏமாந்தவள் நான்.
குழம்புக்கு வாங்கிய கிழங்கைப் புதைத்துவிட்டேன்.
முளைக்காதிருக்க மருந்தடித்தது என்று
யாரும் சொல்லவில்லை.
ஆகஸ்டில் தோண்டினால்
பாதி அழுகல். பாதி வைத்தது வைத்தபடி,
லாக்கர் நகை போல,
தோல் மட்டும் கொஞ்சம் சுருங்கி.
அருட்செல்வன் சிரித்தான்.
மூன்று நாள் சிரித்தான்.

ஆகவே இந்த வருடம்
சீட்டு ஒட்டிய, சோதித்துச் சரியென்று விட்ட
நார்லாண்ட், சிவப்புத் தோல்.
எட்டடிக்கு நாலடிப் பாத்தி,
ஒன்றுக்கு ஒன்பது விளைச்சல் என்று
நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று.
பையை விடுவதாக இல்லை.

அவளும் விடவில்லை.
ஸாரி என்றாள். ஸாரி என்றேன்.
இந்த ஊரில் சண்டை இப்படித்தான் தொடங்கும்,
பெரும்பாலும் இப்படியே முடிந்தும்விடும்.

ஒரு பைக்கு ஒரு ரசீதுதான்
என்றான் கல்லாப் பையன், தலை நிமிராமல்.
நான் அட்டையைத் தட்டினேன்.
அவள் பாதிப் பணத்தைச் சில்லறையாய் எண்ணி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
சூடாயிருந்தது காசு.

பார்க்கிங்கில், என் கார் பானெட் மேல்
கொட்டிப் பிரித்தோம்.
பெரிசு சிறிசு பார்த்தால் வம்பு,
அதனால் கண்ணை எண்ணினோம்.
ஆறு கண், நாலு கண், ஏழு,
ஒரு கண்ணும் திறக்காத சோம்பேறி ஒன்று.
சக்கரத்தடிக்கு உருண்டோடியதை
அவள் மண்டியிட்டு எடுத்தாள்.
பெயர் கொரீன்.

ஒன்பதும் ஒன்பதும் போக ஒன்று நின்றது.
கத்தி இல்லை.
கண்ணாடிப் பனி சுரண்டும் தகடு
இன்னும் பின்சீட்டில் கிடந்தது,
மே வந்தும் அதை உள்ளே வைக்கத் துணிவில்லாமல்.
அதை வைத்து இருவரும் சேர்ந்து அமுக்கினோம்.
வெட்டு நேராக வரவில்லை.
ஒரு பக்கம் மூன்று கண், மறுபக்கம் ஒன்று.

"வீட்டை விற்றாச்சு" என்றாள்,
வெயில் நிலவரம் சொல்வதுபோல.
"ஜூன் முப்பது சாவி கைமாறுது.
அவன் ரெஜைனாவுக்கு. நான் அக்கா வீட்டு மாடிக்கு."

கேட்காமலே ஓடியது என் நோட்டுக் கணக்கு:
ஜூனில் இலை, ஜூலையில் பூ,
கிழங்குக்கு ஆகஸ்ட்.
"அப்போ யார் தோண்டுவாங்க?"

"வாங்கினவங்க."

"சொல்லிட்டுப் போவீங்களா?"

வலைப்பை என்னிடம் இருந்தது.
தன் பங்கை அவள் தொப்பியில் அள்ளிக்கொண்டாள்.
"இல்லை. செடி காய்ஞ்சா பிடுங்கிப் போட
எப்படியும் குனிவாங்க."

மூன்று கண் பாதியை நீட்டினேன்.
வேண்டாம் என்றாள். வற்புறுத்தினேன்.
மறுபடி இரண்டு ஸாரி.
எது யாரிடம் போனதென்று
வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

இப்போது ஜன்னலோரம், முட்டை அட்டையில்
ஒன்பது முழுசும் ஒரு பாதியும்.
மூன்று கண்ணும் மேலே பார்க்கின்றன.
வெட்டிய முகம் இரண்டு நாள் காய வேண்டும்,
ஈரத்தோடு புதைத்தால் அழுகும்.

அருட்செல்வன் விரல் வைத்து எண்ணினான்.
"இதென்ன பாதி?"

ஒன்பதரையை ஒன்பதால் பெருக்கிக்கொண்டிருந்தவள்
பென்சிலை வைத்துவிட்டேன்.
எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது.
பருப்பு வேறு அடுப்பில்.

இன்றிரவு மைனஸ் இரண்டு என்கிறது ரேடியோ.
மண்ணுக்குள் போயிருந்தால் பயமில்லை.
போயிருக்கும்.
அவளுக்கு நாள் குறைவு.