முதல் சொல்

கார்ஃபி மீனின் முதுகுமுள்
ரப்பர் கையுறையைத் துளைத்து
யாத்விகாவின் ஆள்காட்டி விரலுக்குள்
அரைக் கணம் போய்வந்தது.
பிற்பகல் இரண்டே முக்கால். டிசம்பர்.
ஃப்ளாத்தேரியில் அப்போதே விளக்குகள் எரிந்தன.
போலிஷில் ஒரு வசை சொன்னாள்.
கன்வேயர் நிற்கவில்லை.
அடுத்த மீன் வந்தது.

முள்ளோடு உள்ளே போனவை
கடல்வாசிகள் சில நூறு,
குளிருக்கே பிறந்தவை.
இளஞ்சூட்டில் விழித்து
எங்கே வந்தோம் என்று பார்ப்பதற்குள்
தோலுக்கடியில் வெகுநாளாகக் கால்நீட்டிக் கிடந்த
காவல் செல் ஒன்று புரண்டது.

அதற்குக் கண் கிடையாது.
பெயர்ப் பதிவேடு கிடையாது.
போன மாதம் யார் வந்தார்கள் என்று கேட்டால்
தெரியாது.
தடவிப் பார்க்கும், அவ்வளவுதான்.
கொழுப்பும் சர்க்கரையும் பின்னிய இந்த மேலங்கியை
இந்த வீட்டில் எவரும் உடுத்துவதில்லை.
புரதம் முறுக்கிய இந்தச் சாட்டையை
இந்த வீட்டில் எவரும் சுழற்றுவதில்லை.
ஊர் பேர் எதற்கு?
இது போதும்.

நாளச் சுவர்கள் தளர்ந்தன.
சூடு ஏறியது. விரல் சிவந்து தடித்தது.
ஏழு மணிக்கு அவளால்
தேநீர்க் கோப்பையின் காதைப் பிடிக்க முடியவில்லை.

இரத்தத்தோடு உருண்டுகொண்டிருந்த நியூட்ரோஃபில்கள்
சுவரில் ஒட்டி, நசுங்கி, இடுக்கில் புகுந்து
வெளியே வந்தன, மோப்பம் பிடித்தபடி.
பாக்டீரியா எந்தப் புரதத்தை எழுதினாலும்
ஒரே சொல்லில்தான் தொடங்கும்.
அந்த முதல் சொல்லின் வாடை
எங்கே அடர்கிறதோ அங்கே ஓடும் இவை.
தின்னும். வெடிக்கும்.
சில, தன் மரபிழையையே உருவி
வலையாக வீசிவிட்டுச் சாகும்.

ஆனால் முள் அவளுடைய செல்களையும்தானே கிழித்தது.
கிழிந்தவற்றிலிருந்து சிந்தின மைட்டோகாண்ட்ரியா.
நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு
அதுவும் ஒரு பாக்டீரியாவாக உள்ளே வந்ததுதான்.
போகவில்லை. அடுப்பைப் பற்றவைத்தது.
மூட்டை முடிச்சில் பெரும்பகுதியை
வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டது.
இருந்தும் வாய் திறந்தால்
அதே பழைய முதல் சொல்.
காவலுக்கு வேறென்ன வேண்டும்?
அதன் மேலும் பாய்ந்தது.

எட்டு மணிக்கு மருத்துவமனைக்குத் தொலைபேசினாள்.
இங்கே இருபத்திரண்டு ஆண்டுகள்,
பாஸ்போர்ட், வாக்கு, மலைச்சரிவில் ஒரு கல்லறை
எல்லாம் இருக்கிறது அவளுக்கு.
"கோதா க்வோல்திட்" என்றாள்.
மறுமுனை இரண்டாம் சொல்லுக்குக் காத்திராமல்
ஆங்கிலத்துக்கு மாறியது,
மிகுந்த கனிவோடு.

விடிகாலை விரல் நுனியில்
மஞ்சளாக ஒரு துளி திரண்டிருந்தது.
ஊசியைத் தீயில் காட்டிக் குத்தினாள்.
லட்சக்கணக்கான சடலங்கள்
ஒரு காகிதத் துணுக்கில் துடைபட்டு
குப்பைக்குப் போயின.
கிளைக் கைகள் கொண்ட ஒரு செல் மட்டும்
எதிரியின் கந்தல் ஒன்றைச் சுமந்தபடி
அக்குள் நிணக்கணுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
அது வேறு இலாகா. ஒரு வாரம் பிடிக்கும்.

ஆறரைக்கு ஆலை.
"கை எப்படி?" என்று மேற்பார்வையாளர் ஸ்வான்வோர் கேட்டாள்.
யாத்விகா தலையை மட்டும் ஆட்டினாள்.

கிழியாத செல்கள் எல்லாவற்றுக்குள்ளும்
வாய் திறக்காமல்
அடுப்பெரிந்துகொண்டிருந்தது.
கன்வேயர் ஓடத் தொடங்கியது.