மூன்றாவது பாய்

மூன்று மரமாவது வேண்டும், இல்லையென்றால் போட்டி இல்லை.
நான் எழுதிய விதிதான்.
கொப்பியில் இரண்டு பெயர்:
நான், பிறகு மச்சான் டெறன்ஸ்,
அவனும் எனக்குத் தரவேண்டிய கடனுக்காக.

ஐஸ் லொறி ஓடுகிற எமிலியானுசைக் கேட்டேன்.
"டீசல் விக்கிற விலையிலை
கடலுக்கும் வேறை போறதோ?"
"காத்துக்கு பில் வராதடா."

பாய்க்குத் துணி இல்லை.
புடவைக்கடைப் பழைய பனரை
இரவிரவாகத் தைத்தோம்.

ஞாயிறு, பூசை முடிந்த கையோடு
பாசையூரிலிருந்து மண்டைதீவுப் பக்கம்.
சோழகம் முகத்தில் அறைந்தது.
டெறன்சின் பாய்க்கயிறு அறுந்தது.
என் மரம் மணலில் குந்திவிட்டது.
இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்க்கிறேன்,
எமிலியானுஸ் வருகிறான்,
எங்கே திருப்புவதென்று தெரியாமல்,
காற்று தள்ளிய பக்கமாக,
ஐம்பது வீதம் கழிவு
என்ற எழுத்துகள் நெஞ்சு புடைக்க.

கரை விழுந்து விழுந்து சிரித்தது.
சிரிக்க இத்தனை பேர் வந்திருக்கிறார்களா
என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

திங்கள் கொப்பியில் புதிதாய் ஒரு வரி:
றொசில்டா, வயது பதினேழு, மரம் இல்லை.
"இல்லை"க்குக் கீழே இரண்டு கோடு.

அதன் கீழே எழுதினேன்:
என்னுடையது இன்னும் மணலில்தான்.
வந்து தள்ளு.