மூன்றாம் நாள்தான் தெரியும்

மார்கழி பாதிக்கு மேல்
புல்லை மிதிக்காதே என்று சொல்வது என் வேலை.
கயிறு கட்டியிருக்கிறேன்,
தகரத்தில் சிவப்பு மையால் எழுதி நட்டிருக்கிறேன்.
உறைந்த புல் கண்ணாடி.
மிதித்த அன்று ஒன்றும் தெரியாது,
வெயிலேறினால் வெள்ளை போய்ப் பச்சையாகவே சிரிக்கும்.
மூன்றாம் நாள்தான் தெரியும்
உள்ளே என்ன உடைந்தது என்று.

அன்று தை எட்டு. விடிகாலை ஐந்து.
கோல்ஃப் மைதானம் முழுக்க உப்புக் கொட்டினாற்போல்.
ஹோஸ் பைப்புக்குள் பனிக்கட்டி.
பவுனுத்தாயி சுள்ளி கொளுத்தி
வால்வுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.
சூரியன் தொடும் முன்னே தண்ணீர் அடித்துப்
பனியைக் கழுவி இறக்க வேண்டும்,
இல்லாவிட்டால் கருகிவிடும்.
குளிரில் கருகுவது எப்படி என்று
கொடைக்கானலுக்குக் கீழே யாருக்கும்
என்னால் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

பையில் போன் அடித்தது.
மரியபுஷ்பம்.

அப்பாவின் பீன்ஸ் காட்டில்
ஒரு வேலிக்கல் அரை முழம் நகர்ந்ததிலிருந்து
ஆறு வருஷம்
தங்கச்சியும் நானும் பேசியதில்லை.
எடுத்தேன். கரகரத்தது. அறுந்தது.
மறுபடி அடித்தது.
இங்கே சிக்னல் நிற்பது ஒரே இடத்தில்,
ஏழாவது கிரீன் நடுவே, கொடிக்குப் பக்கத்தில்.
கேடி பையன்களுக்குக்கூடத் தெரியும்.

கயிற்றைத் தாண்டினேன்.
காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

"அங்க பனியா?" என்றாள்.
"ஆமா."
"வத்தலக்குண்டுலயே குளிருது."
"ம்."
"மப்ளர் கட்டிருக்கியா?"
அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.
போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு
இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள் தெரிந்தது.
போன தடம் பதினாலு, தாவித் தாவி.
வந்த தடம் இருபத்தாறு.
நடுவில் இரண்டு பாதமும் சேர்ந்து நின்ற இடம்
தோசைக்கல்லை வைத்து எடுத்ததுபோல்.

செக்ரட்டரி குனிந்து பார்த்தார்.
"யாரு?"
"காட்டெருமை சார்."
"காட்டெருமை ரப்பர் பூட்ஸ் போடுதா, சந்தியாகு?"
பவுனுத்தாயி மோவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
துடைத்த இடத்தையே.

மாசியில் கிரீன் எல்லாவற்றிலும் துளை போட்டோம்.
பிடுங்கிய மண் பென்சில் துண்டுகளாய்க் கிடந்தது, கூட்டி அள்ளினோம்.
மணலை மூன்று தரம் சலித்து
விளக்குமாற்றால் துளைக்குள் தள்ளினோம்,
புல்லுக்கு மூச்சு வேண்டும்.
பங்குனியில் ஒரு மழை.
அந்த வாரமே காட்டுப்பன்றிகள் புழு தேடிப்
பதினொன்றாவதை உழுதுபோட்டன,
என் தடங்களை எல்லோரும் மறந்தார்கள்.
பன்றிகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.
சித்திரை பிறந்ததும்
மோவர் கத்தியை வாரம் அரை நூல் இறக்கினோம்.
சீசன் போட்டிக்குப் பந்து வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஓடின தடங்கள் முதலில் ஆறின.
மெல்ல வந்தவை பிறகு.
நின்ற இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது.
வெட்டியெடுத்து நாற்றங்காலிலிருந்து வேறு புல் பதி என்றார் செக்ரட்டரி.
நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், அடியில் வெள்ளை வேர்.
"இருக்கு சார். வரும்."
"போட்டிக்குள்ள வருமா?"
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மே மாதம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தட்டிய பந்து
குழிக்கு நேராகப் போனது,
சரியாக அந்த இடத்தில் ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்து
விளிம்பைத் தொட்டு நின்றது.
அவர் சரிவைத் திட்டினார், பிறகு குச்சியை.
நான் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு
பைன் மரங்களின் பக்கம் நடந்தேன்.

இன்னும் அவளைக் கூப்பிடவில்லை.
மப்ளர் கட்டியிருந்தேனா என்பதுகூட ஞாபகமில்லை.
இப்போது பனி கிடையாது,
கயிற்றையும் சுருட்டி ஷெட்டில் போட்டாயிற்று.
ஏழாவது கிரீனில்
யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.