மூன்றாவது ட்ரெக், இரண்டு நிமிடம் பதினொரு செக்கன்

என்.சி. வீதியில் ஃபோன் திருத்தும் கடைக்குப் பின்னால்
முட்டை மட்டை ஒட்டிய பத்தடி அறை.
இதுவரை நான் இதற்குள் பதிந்தவை:
தேர்த் திருவிழா அறிவித்தல், மரண அறிவித்தல்,
டியூட்டரி விளம்பரம்,
தேர்தல் வந்தால்
மூன்று கட்சிக்கும் என் ஒரே குரல்.

அருளினி வந்தாள்.
வங்கியில் வேலை. சனி, ஞாயிறுதான் நேரம்.
ஒரு கிற்றார், நனைந்து காய்ந்த ஒரு கொப்பி,
அதில் எட்டுப் பாட்டு.
மணிக்கு எவ்வளவு என்றாள். சொன்னேன்.
"மழை பெய்தால் கழிப்பீங்களா?"
தகரக் கூரையை
உள்ளே வர முன்னமே பார்த்திருக்கிறாள்.

பாலையூற்றிலிருந்து டெரன்ஸ் செலர்,
வயலினோடும் விரலில் வார்னிஷ் மணத்தோடும்.
பகலில் அலுமாரி செய்கிறவன்.
அவர்கள் கல்யாண வீட்டில்
விடியும்வரை கால்களை இருக்கவிடாத அந்த நடை
போர்த்துக்கீசர் தந்துவிட்டுப் போனதோ
எடுத்துப்போக மறந்ததோ,
இரண்டாவது பாட்டில்
அவள் கிற்றாருக்கு அடியில் ஓடுகிறது.

கிண்ணியா நிஸ்பர் றபானைக்
கடை வாசலில் வெயிலுக்கு வைத்தான்,
தோல் இறுகட்டும் என்று.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
குனிந்து
நெடுநேரம் மணந்து பார்த்தது.
ஆட்டுத் தோல்தான் என்று
மானுக்கு யார் சொல்வது?
அன்றைக்கு அவன் கொஞ்சம் மெதுவாகத் தட்டினான்.

கொழும்பிலிருந்து ஒரு வானொலிக்காரர்
ஃபோனில் கேட்டார்:
"தங்கச்சி, இது பொப்பா, உலக இசையா?"
"ஏன், நாங்க மட்டும் செவ்வாயிலயா இருக்கிறம்?"
வைத்துவிட்டாள்.
பிறகு என்னிடம்,
"அண்ணா, கோபமாகக் கதைச்சிட்டனோ?"
எட்டாவது பாட்டின் நடுவில்
மூதூர் லோஞ்ச் ஒன்றின் இரைச்சல் விழுந்திருந்தது,
கடற்கரையில் அவள் ஃபோனில் பதிந்த துண்டு அது.
இரண்டு இரவு மினக்கெட்டுத் துடைத்தேன்.
கேட்டாள்.
"பேஸ் எங்க போச்சு?" என்றாள்.
திரும்பப் போட்டேன்.

மூன்றாவதைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுடைய அம்மா ஏழு வருசம் பெய்ரூட்டில்.
ஆறாம் மாடி. ஒரு ஆண்பிள்ளை.
பெயர் கரீம், இப்போது மீசை முளைத்திருக்கும்.
அவனை நித்திரையாக்கப் பாடிய தாலாட்டை
அம்மா இங்கே மீன் கழுவும்போது
தன்னை அறியாமல் முணுமுணுப்பாராம்.
அந்த ஏழு வருசமும் அருளினி
உப்புவெளியில் மாமி வீட்டில்
ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவள்.
மெட்டைப் பிடித்துக்கொண்டாள்.
நம் ஆர்மோனியக் கட்டைகளுக்கு இடையில்
கட்டையில்லாத இடத்தில் நிற்கிற சுரம் ஒன்று அதில்.
என் மென்பொருள் அதைப் பிழை என்று
சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டு அடிதான் இருந்தது.
மிச்சம் கேட்க
ஒரு ஞாயிறு அம்மாவையே கூட்டிவந்தாள்.
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு
ஹெட்ஃபோனைத் தலைப்பாகை போலப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடிக் கேட்டார்.
பிறகு சொன்னார்:
"இவ்வளவுதான் பிள்ளை.
இரண்டாவது அடியில அவன் நித்திரையாயிடுவான்.
அதுக்கு மேல எனக்குத் தேவைப்படேல்ல."

ஃபேன் சத்தம் மட்டும்.
டெரன்ஸ், பாவம்,
"யூடியூப்ல முழுசா இருக்கும், தேடட்டா?" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அருளினி கொப்பியைத் திறந்து
எதையோ வெட்டினாள்.
அம்மா எனக்கு
சோட்டை டப்பாவில் பயற்றம் பணியாரம் கொண்டுவந்திருந்தார்.

இப்போது அது இப்படித்தான் இருக்கிறது:
இரண்டு நிமிடம் பதினொரு செக்கனில்
குரல் நிற்கும்.
றபான் மட்டும் தெரியாமல்
இன்னும் நாலு தட்டுப் போகும்.
பிறகு ஒன்றும் இல்லை.

பென் ட்ரைவில் நூற்றிருபது விற்றோம்.
மூதூர் பஸ் கண்டக்டர் ஒருவர்
அந்த இடம் வரும்போதெல்லாம் செட்டைத் தட்டுகிறாராம்.
பதினாறு பேர் கடைக்கே வந்துவிட்டார்கள்,
மூன்றாவது பாட்டு பாதியில் அறுந்து கிடக்கிறது,
ஃபைல் பழுது, மாற்றித் தாங்கோ என்று.
வாங்கிச் செருகி
அதையே திரும்பக் கொப்பி பண்ணிக் கொடுக்கிறேன்.
காசு எடுப்பதில்லை.