சூடாகும் வரைக்கும்

காலையில் சத்தமில்லை.
கல்வியங்காடு தாண்டி
செம்மணி வெளியின் காற்றும் தாண்டி
நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போதுதான்
கீழே இருந்து யாரோ கதவைத் தட்டுவது போல:
டொக். டொக்டொக். டொக்.
காலை எடுத்தால் நிற்கும்.
அரைவாசி மிதியில் திரும்பவும் வரும்.

ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
முதல் இரண்டு கிழமையும் அதுதான் வைத்தியம்.

கந்தோரில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.
டப்பெட் என்றார் காவலாளி.
பெல்ட் என்றாள் சுகிர்தா,
புருசனின் வானைச் சாட்சிக்கு இழுத்து.
பெற்றோல் சரியில்லை என்றார் மனேஜர்,
நாட்டில் எதுவும் சரியில்லை என்கிற அதே குரலில்.
நான் வாயால் அதைச் செய்து காட்டக் காட்ட
ஒவ்வொருவர் காதிலும் அது வேறு வருத்தமானது.

குருநகர், ஐஸ் பக்டறிக்குப் பின்னால்
பிலேந்திரனின் கராஜ்.
"வாயால சொல்லாதேங்கோ மிஸ்.
அது சொல்லட்டும்."
எஞ்சினை ஓடவிட்டு, பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.
இருபது நிமிடம்.
கருவாட்டு வாசத்துக்குள் நானும் காரும்.

வந்து
கறுத்தப் பிடி ஸ்குறூட்றைவரின் நுனியை
எஞ்சினின் விலாவில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் வைத்தார்.
மேலே ஒன்றுமில்லை.
தண்ணிப் பம்பி முனகுது, அது வயசு.
கீழே, ஒயில் சட்டிக்குக் கிட்ட,
கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு பிளக் வயர்.
முதலாவதைக் கழற்ற எஞ்சின் நொண்டியது,
தட்டல் நிற்கவில்லை.
இரண்டாவதும் அப்படித்தான்.
மூன்றாவதைக் கழற்ற
நொண்டலுக்குள்ளே ஓர் அமைதி.
"பாத்தியளே, வேலை குடுக்காட்டி கத்தாது.
பிக் என்ட் பெயாரிங்."

ஒயிலை இறக்கினார்.
பனம்பாணி போல வந்தது, தயங்கித் தயங்கி.
விரலில் தொட்டு என் மூக்கடியில் நீட்டினார்:
கூழ்முட்டை.
"கியர் ஒயில். ஆரோ எஞ்சினுக்குள்ள ஊத்தியிருக்கினம்."
வெயிலில் அவர் விரல்
செப்புத் தூளாய் மினுங்கியது.

ஆரோ.

ஒன்பது வருடம் பக்கத்து மேசை.
ரொறொன்ரோவுக்குப் போகமுதல்
"உனக்கெண்டபடியால் தாறன்" என்ற தயாபரன் அண்ணா.
சாவியோடு கற்பூரமும் தந்தவர்.
கார் பார்க்க எப்போது வரட்டும் என்று கேட்டேன்.
"விடிய வா பிள்ளை, வெயிலுக்கு முதல்" என்றார்.
நான் அதை அக்கறை என்று எடுத்திருந்தேன்.

அன்றிரவு எழுதினேன்: அண்ணா, கார் தட்டுது.
இரண்டு நீலக் கோடு.
நெடுநேரம் கழித்து
கும்பிட்ட கை ஒன்று மட்டும் வந்தது.

"திறந்து செய்தா மூண்டு லட்சம் பிடிக்கும்," என்றிருந்தார் பிலேந்திரன்.
"இல்லாட்டி உதைத் திரும்ப ஊத்திவிடுறன்.
ஒரு மாசத்துக்குச் சத்தம் வராது. வித்துப்போடுங்கோ."
மழை வரும், குடை கொண்டு போங்கோ
என்று சொல்லும் முகம்.
லீசிங்கில் இன்னும் முப்பத்தொரு மாதம்.
வாளியை நான் பார்த்தேன். நல்லாய்ப் பார்த்தேன்.
பிறகு வழமையான ஒயிலையே விடச் சொன்னேன்,
ஏதோ கோபத்தில்.

ஞாயிறு விடிய ஆறரைக்கு வந்தார்கள்,
விசுவமடுவிலிருந்து, முதல் பஸ்ஸில்,
மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு.
உருத்திரகுமார் ரயரை உதைத்துப் பார்த்தார்.
கதவுகளைத் திறந்து திறந்து மூடினார்.
எஞ்சின் பூனை போலக் கிடந்தது.
"ஒரு சத்தமும் இல்லை, என்ன?" என்றபடி
அட்வான்சுக்குச் சட்டைப் பையில் கை விட்டார்.

நான் சாவியைத் திருப்பவில்லை.
"ஓடட்டும்," என்றேன்.
"தேத்தண்ணி குடியுங்கோ. அவசரமில்லை."
முதல் கோப்பை முடிந்தது.
வெயில் மதிலுக்கு மேலே வந்தது.
விசுவமடுவில் இந்த முறை நிலக்கடலை எப்படி
என்று கேட்டேன். சொன்னார்.
இரண்டாவது கோப்பை.

"இனி ஏறி மிதியுங்கோ," என்றேன்.
"அரைவாசிக்கு."

அவருடைய மனுசிதான்
முதலில் தலையைத் திருப்பினா.